மரத்திலிருந்து விழாதவர்

என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே நன்றாகச் சொன்ன பொய், சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நின்றபடி சொன்னதுதான். திக்கவில்லை, தடுமாறவில்லை. டூட்டி டாக்டர் கேட்டதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. என்ன மரம்? சில்வர் ஓக். எதற்கு ஏறினார்? மிளகு பறிக்க. எவ்வளவு உயரம்? இருபது அடி இருக்கும். எப்படி விழுந்தார்? ஏணி பனியில் நனைந்து கிடந்தது, கால் வழுக்கிவிட்டது. அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். அந்தப் பனியைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. நானாகச் சேர்த்தேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் கண் மூடிக் கிடந்தார். அன்று அவர் எந்த மரத்திலும் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை, எனக்கு எஸ்டேட்டில் லீவு. நாங்கள் இருவரும் எங்கள் ஊர் செம்மநத்தத்திலிருந்து ஏற்காட்டு டவுனுக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். பொம்பளை என்பதால் எனக்கு முன் சீட்டு. அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிமேல் நின்றார். ஒரு வளைவில் எதிரே வந்த சுற்றுலாக் கார் எங்கள் பக்கம் ஏறி வந்து ஜீப்பின் பின் மூலையில் இடித்தது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. இவர் தூக்கி எறியப்பட்டு, ரோட்டோரச் சுவரில் முதுகு அடிபட விழுந்தார்.

காரிலிருந்து இறங்கிய ஆள் முதலில் தன் பம்பரைப் பார்த்தார். பிறகுதான் இவரைப் பார்த்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எங்கள் மலை ரோட்டில் வண்டிகள் இடித்துக்கொண்டால் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் சேதத்தை அவரவர் பார்த்துக்கொள்வது, போலீஸ் வரும் முன்னால் ரோட்டை விடுவது. ஜீப் ஓட்டிய தம்பியும் கார்க்காரரும் ஐந்தே நிமிடத்தில் பேசி முடித்துக் கை கொடுத்துக்கொண்டார்கள். கார் போய்விட்டது. ஜீப்பின் பின்னால் இருந்த ஒரு காலேஜ் பெண் மட்டும் புத்தியாக, அது கிளம்பும்போதே நம்பரை போனில் படம் எடுத்து வைத்திருந்தாள்.

இவரை அதே ஜீப்பில் பலகைமேல் படுக்கவைத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினோம். ஜீப் ஓட்டிய தம்பி எனக்குத் தூரத்து உறவில் தம்பி முறை. எங்கள் ஊரில் யார்தான் யாருக்கு முறை இல்லை? வழி நெடுக அழுதுகொண்டே ஓட்டினான். கடைசி வளைவு தாண்டியதும் சொன்னான்.

"ஏனுங்கக்கா, மரத்துல இருந்து விழுந்துட்டாருன்னு சொல்லிப்போடுங்கக்கா. ஜீப்புன்னு சொன்னா வண்டியப் புடிச்சுக்குவாங்க. என்ற லைசென்சும் போயிரும்."

அவன் கேட்டிருக்கவே தேவையில்லை. அது சொந்த உபயோகத்துக்கான ஜீப். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக்கூடாது. அன்று உள்ளேயும் வெளியேயுமாகப் பதினாலு பேர் இருந்தோம். பஸ் நினைத்தபோது வரும். அந்த ஜீப் இல்லையென்றால் பிரசவத்துக்கும் பரீட்சைக்கும் நாங்கள் நடக்க வேண்டியதுதான். அதனால் ஜீப்பில் அடிபட்ட யாரும் ஆஸ்பத்திரியில் ஜீப் என்று சொல்வதில்லை. எனக்குத் தெரிந்தே அதற்கு முன் மூன்று பேர் இப்படி மரத்திலிருந்து விழுந்திருக்கிறார்கள். அதில் ஒருத்திக்கு எழுபது வயது. அவள் மரம் ஏறியதைக்கூட எந்த டாக்டரும் சந்தேகப்படவில்லை. மலைக்காரர்கள் என்றால் மரத்திலிருந்து விழுவார்கள் என்று கீழே உள்ளவர்களுக்கு ஓர் எண்ணம்.

எஸ்டேட்டில் நான் ரைட்டர் வேலை பார்க்கிறேன். ஆள் கணக்கும் காப்பிப் பழ எடையும் எழுதுவேன். ஆபீசர்களிடம் பயப்படாமல் பேசுவேன் என்று ஊரில் ஒரு பெயர். அந்தப் பெயரை அன்று காப்பாற்றினேன். அடுத்த நாள் அரைகுறையாக நினைவு வந்ததும் இவரிடம் நான் சொன்னதைச் சொன்னேன்.

"நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். அந்தப் பையன் பொழைக்கோணுமில்ல" என்றார்.

இடுப்புக்கு மேல் எலும்பு இரண்டு நொறுங்கியிருந்தது. கம்பி வைத்துத் திருகாணி போட்டு நிமிர்த்தினார்கள். நான்கு மாதத்தில் எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சந்தோஷப்பட்டார். எலும்பு கூடியது உண்மை. ஆனால் இடுப்பில் ஆரம்பித்து இடது கால் பெருவிரல் வரைக்கும் ஒரு எரிச்சல் தங்கிவிட்டது. அடுப்புக்குள் காலை விட்டுவிட்டு எடுக்க முடியாமல் கிடப்பதுபோல என்பார். போர்வை பட்டால் துடிப்பார். ஃபேன் காற்றுகூடப் படக்கூடாது. நரம்பு அடிபட்ட இடத்தில் காயம் ஆறினாலும் வலி அனுப்புவதை அது நிறுத்தாது என்றார்கள். நிறுத்தச் சொல்லிக் கொடுத்த மாத்திரைகள் வலியை விட்டுவிட்டு ஆளை நிறுத்தின. பாதி நாள் தூங்கி வழிவார், மீதி நாள் சுவரைப் பார்ப்பார். நேற்று வந்துபோன ஆளை இன்று மறந்துவிடுவார்.

அதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். சண்டைக்காரர். சோறு குழைந்தால் சண்டை, செருப்பு இடம் மாறினால் சண்டை. ஆரஞ்சு வாங்க வரும் வியாபாரியிடம் அரைக் கூடைக்கு ஒரு மணி நேரம் வாதாடுவார். அந்த மனுசன் எதிர்ப்பேச்சே இல்லாமல் வைத்ததைத் தின்றுவிட்டுப் படுப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் வருடம், சேலத்தில் வலிக்கு மட்டுமே பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனோம். அவர்தான் அந்தக் கருவியைப் பற்றிச் சொன்னார். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் நூல் போல மெல்லிய கம்பியை ஊசி வழியாக விடுவார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பேட்டரியை இடுப்புத் தோலுக்கு அடியில் தைத்துவிடுவார்கள். அது விடாமல் சின்னச் சின்னக் கரண்டு கொடுத்து, காலிலிருந்து போகும் வலியை மூளைக்குப் போகவிடாமல் வழியிலேயே மறிக்கும். எல்லாருக்கும் கேட்காது. அதனால் முதலில் ஏழு நாள் சோதனை. கம்பி மட்டும் உள்ளே, பெட்டி வெளியே. பலன் இருந்தால் நிரந்தரமாக வைக்கலாம்.

விலையைக் கேட்டதும் நாங்கள் எழுந்துவிட்டோம். எங்கள் காப்பீட்டு அட்டையில் அது கிடையாது என்று வெளியே கவுண்டரில் சொன்னார்கள். எங்கள் காப்பிக் காட்டை விற்றாலும் பாதிக்கு வராது. அன்றைக்கு டாக்டர் பேச்சுவாக்கில் கேட்டார்: "எப்படி அடிபட்டது?"

மூன்று வருடத்தில் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கார் மோதினதா? அப்ப அந்தக் காரோட இன்சூரன்ஸ்தானே இதுக்கெல்லாம் கொடுக்கணும். கேஸ் போட்டீங்களா இல்லையா?"

அப்படி ஒன்று இருக்கிறது என்றே எங்களுக்கு உறைத்ததில்லை. கார் இன்சூரன்ஸ் காருக்குத்தான் என்று நினைத்திருந்தோம்.

அதன் பிறகு நான் எஸ்டேட் ஆபீசில் டவர் கிடைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கருவியைப் பற்றியே போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கண்டுபிடித்திருக்கிறார்கள்! வெளியிலிருந்தே சார்ஜ் ஏற்றிக்கொள்வது ஒன்று. கரண்டு ஓடுவதே தெரியாமல் வேலை செய்வது ஒன்று. ஒவ்வொரு முறை கரண்டு கொடுத்ததும் நரம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று கேட்டு, இருமினாலும் குனிந்தாலும் தன்னைத்தானே கூட்டிக் குறைத்துக்கொள்வது இன்னொன்று. எங்கோ யாரோ கண்ணாடி போட்டவர்கள் வருடக்கணக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டு, மரத்திலிருந்து விழுந்தவர் என்று நான் எழுதவைத்த சீட்டையும் எடுத்துப் பார்ப்பேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

வழக்குப் போட நாங்கள் பிடித்த வக்கீல் கோர்ட் பக்கத்திலேயே ஒரு மாடியில் இருந்தார். காலேஜ் பெண் எடுத்த படத்திலிருந்து கார் நம்பர் கிடைத்தது. நம்பரிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனி கிடைத்தது. வழக்கு தாமதமானதற்கும் ஒரு மனு எழுதிச் சேர்த்துப் போட்டார். கம்பெனி பதில் மனு கொடுத்த நாளில் அவர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பில்லை.

"அந்தக் கார்க்காரர் அதே வாரம் பம்பருக்கும் லைட்டுக்கும் கிளெய்ம் வாங்கியிருக்காரும்மா. போன்லயே படம் எடுத்து அனுப்பி, ஆள் வந்து பார்க்காமலே பாஸ் ஆகியிருக்கு. எப்படி இடிச்சதுன்னு எழுதியிருக்கார் தெரியுமா? குரங்கு குறுக்கே வந்ததாம். சுவத்துல மோதிட்டாராம்."

நாங்கள் மரம் என்றோம். அவர் குரங்கு என்றார். இரண்டு பொய்யும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டன. காகிதப்படி அந்த வளைவில் எந்த ஜீப்பும் எந்தக் காரும் மோதிக்கொள்ளவில்லை.

ஆனாலும் வக்கீல் விடவில்லை. கருவியால் பலன் உண்டு என்று ஒரு ரிப்போர்ட் இருந்தால் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கும் என்றார். சோதனைக்கு மட்டும் ஆகும் செலவை எப்படியோ புரட்டினோம். கம்பி வைத்த மறுநாள் எஸ்டேட் காரை இரவல் கேட்டு, ஆமை வேகத்தில் மலை ஏறினோம். குனியக்கூடாது, முறுக்கித் திரும்பக்கூடாது, கையைத் தூக்கக்கூடாது. முதுகில் பெரிய பிளாஸ்திரி, இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் பெட்டி. கூட்டவும் குறைக்கவும் கையில் ஒரு ரிமோட்.

எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ. "ஏனு புள்ள, காலு எங்க போச்சு?" என்று கேட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. மரத்துப்போய்விட்டதோ என்று பயந்தேன். அவர் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "எரிச்சலக் காணோம் புள்ள. எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. நொம்ப நல்லா இருக்குது" என்றார். நான் வளைவு முழுக்க அழுதேன். டிரைவர் வண்டியை நிறுத்தவா என்று கேட்டதற்கு, வேண்டாம் போ சாமி என்றேன்.

அந்த ஏழு நாளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், எழுதினால் அதில் ஒன்றுமே நடக்காது. மனுசன் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டினார். மூன்றாம் நாள் மேல்காட்டுக்கு நடந்து போனார், நான் பின்னாலேயே போனேன். காப்பிச் செடியைப் பார்த்து, மூன்று வருடமாக யார் இப்படிக் கிளை வெட்டிக் கவாத்து பண்ணியது, செடியைக் கொன்றுவைத்திருக்கிறார்கள் என்று கத்தினார். பண்ணியது நான்தான். நான்காம் நாள் ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினார். நானும் விடாமல் திருப்பிக் கத்தினேன். இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் சண்டை போட்டதில்லை.

ஜீப் ஓட்டிய தம்பி அந்த வாரம் பார்க்க வந்தான். ஜீப்பை எப்போதோ விற்றுவிட்டு, பக்கத்து ஊர் கொட்டச்சேட்டில் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தான். இவர் எழுந்து வாசல் வரை போய் அவனை அழைத்ததைப் பார்த்துவிட்டு, பெட்டியையும் ஒயரையும் பார்த்துவிட்டு, என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டான்.

"கோர்ட்டுல வந்து சொல்லறேனுங்கக்கா. என்ன ஆனாலும் ஆவட்டும்."

நான் அவனைத் திட்டுவதற்காக வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அப்படியே போய்விட்டது. சோறு போட்டேன்.

ஏழாம் நாள் கீழே இறங்கினோம். கம்பியை உருவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வலிக்குதா என்று டாக்டர் கேட்டார். உருவினது வலிக்கலீங்க என்றார் இவர். ரிப்போர்ட்டில் மிக நல்ல பலன் என்று எழுதினார்கள், நிரந்தரக் கருவி பொருத்தப் பரிந்துரை என்று எழுதினார்கள். ஊர் வந்து சேர்வதற்குள் வியர்க்க ஆரம்பித்துவிட்டது அவருக்கு. அன்று சாயங்காலம் போர்வையை எடுத்து வெளியே வீசினார். சோதனைக்கு முன்னால் அவர் சத்தம் போட்டு அழுது நான் கேட்டதில்லை. அதன் பிறகு கேட்டேன்.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் ரொம்ப மரியாதையான ஆள். குரலை உயர்த்தவேயில்லை. முதலில் தம்பியைக் கேட்டார். ஜீப்பில் எத்தனை பேர்? பதினாலுங்க. ஏற்ற அனுமதி உண்டா? இல்லீங்க. அப்போதே ஏன் சொல்லவில்லை? பயமுங்க. இந்த அம்மா உங்களுக்கு என்ன வேண்டும்? அவன் ஒளிவுமறைவில்லாமல் சொன்னான்: "அக்கா முறைங்க." வக்கீல் ஜட்ஜைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார். காலேஜ் பெண்ணைக் கூப்பிட்டிருந்தாலும் அவளும் எனக்கு மகள் முறை. அவள் எடுத்த படத்தில் காரின் பின்பக்கமும் நம்பரும்தான் தெரிந்தன. ஜீப் இல்லை, இவரும் இல்லை. ஏற்காட்டில் ஒரு கார் இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி.

அடுத்தது நான். ஆஸ்பத்திரிச் சீட்டை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சில்வர் ஓக், மிளகு, இருபது அடி, பனி. என் குரலிலேயே படித்தேன்.

"இது நீங்க சொன்னதுதானே?"

"ஆமாங்க."

"யாராவது இந்தப் பனியைப் பத்தி உங்களைக் கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"கேட்காமலே சொன்னீங்க. நடந்தது ஞாபகம் இருந்ததாலதானே?"

"இல்லீங்க, அது பொய்யுங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய்யுங்க."

"ஒருத்தருக்கு நன்மை வரும்னா நீங்க பொய் சொல்வீங்க?"

ஆமாம் என்றாலும் மாட்டினேன், இல்லை என்றாலும் மாட்டினேன். என் வக்கீலைப் பார்த்தேன். அவர் கேஸ் கட்டுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு மட்டும் சொன்னேனுங்க" என்றேன். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன், வேறு என்ன செய்ய?

தீர்ப்பு வந்த அன்று இவரால் வர முடியவில்லை. நான் மட்டும் போயிருந்தேன். விபத்து நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை, மனு தள்ளுபடி. மனுதாரரின் மனைவி தானே பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டவர் என்பதால் அவருடைய சாட்சியத்தை நம்புவதற்கில்லை. வக்கீல் எனக்குத் தமிழில் சொன்னது இது. ஜட்ஜின் மேல் எனக்குக் கோபமில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீல், செய்தாலும் இந்தச் சீட்டு கூடவே வரும் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து வக்கீல் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இவரிடம் சொன்னேன். இனிமேல் எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்வதில்லை என்று எனக்கு ஒரு வைராக்கியம். கேட்டுவிட்டுச் சரி என்றார்.

மாத்திரையைக் கூட்டினார்கள், மறதியும் கூடியது. மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், பத்து மணி இருக்கும், கஞ்சி கொடுக்கப் போனேன். அதிசயமாக அவராகப் பேசினார்.

"அந்தப் பொட்டி வெச்ச ஏழு நாளு, எனக்கு வலிக்கவே இல்லியா?"

அவர் கேட்டதே எனக்குப் பெரிதாக இருந்தது. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு ஆர்வமாகச் சொல்லத் தொடங்கினேன். போர்த்திக்கொண்டு தூங்கியதைச் சொன்னேன். மேல்காட்டுக்கு நடந்ததையும், காப்பிச் செடிக்காக என்னைத் திட்டியதையும், ரசத்துக்குச் சண்டை போட்டதையும் சொன்னேன். ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை.

"மேக்காடு வரைக்கும் நடந்தேனா?"

"ஆமாங்க. நான் பின்னாலயே வந்தனுங்க."

"எனக்கு ஒண்ணுமே நெனப்பில்ல" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், யோசித்துச் சொன்னார்:

"கோர்ட்டே நீ சொல்லறத நம்பறதுக்கில்லன்னு எழுதிப்போட்டாங்களே புள்ள. நான் எப்புடி நம்பறது?"

சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றார், முடியவில்லை. நான் இடது கால் எதிலும் பட்டுவிடாமல், இடுப்பைப் பிடித்துத் திருப்பிப் படுக்கவைத்தேன்.